ஓப்பாவை அண்ணா ஆக்கியவர்கள்

கொரிய நாடகங்களின் கதாநாயகர்கள் மீது எனக்குள்ள முதல் புகார், அவர்கள் பெண்களின் மணிக்கட்டைப் பிடித்து இழுக்கிறார்கள் என்பது. கையைக் கோத்துக்கொள்வதில்லை. கைதியைக் கூட்டிப்போகும் போலீஸ்காரர் பிடிப்பதுபோல மணிக்கட்டை இறுக்கிப் பிடித்து, இன்னொருவரோடு பேசிக்கொண்டிருப்பவளைப் பாதிப் பேச்சில் நிறுத்தி, ஹோட்டலுக்கு வெளியே இழுத்து வருகிறார்கள். எங்கே போகிறோம் என்றுகூட அவள் கேட்பதில்லை. பின்னணியில் ஒருவர் பியானோ வாசிக்கிறார். இதைச் சங்கரன்கோவில் பஸ் நிலையத்தில் ஒருவன் செய்து பார்க்கட்டும். பூ விற்கிற பெண்களே போதும். போலீஸ் வருவதற்குள் பியானோ நின்றுவிடும்.

இரண்டாவது புகார், அவர்கள் பேசுவதில்லை. நேற்று உன்னோடு காரில் வந்தவன் யார் என்று ஒரு கேள்வி கேட்டால், என் தம்பி என்று அவள் பதில் சொல்வாள். கதை ஐந்தாவது எபிசோடிலேயே முடிந்து எல்லாரும் தூங்கப் போகலாம். அவன் கேட்க மாட்டான். ஜன்னல் ஓரம் நின்று ஊரைப் பார்ப்பான். மழையில் நனைவான். வெளிநாட்டுக்கு விமான டிக்கெட் எடுப்பான். ஒரு கேள்வியைக் கேட்காமல் இருப்பதற்காக ஒரு மனிதன் இவ்வளவு செலவு செய்வதை வேறெங்கும் பார்த்ததில்லை.

மூன்றாவது, அந்த ஒப்பந்தக் கல்யாணம். ஓராண்டுக்கு மட்டும் கணவன் மனைவியாக நடிப்பதாக இருவரும் ஒரு வெள்ளைத்தாளில் எழுதிக் கையெழுத்துப் போடுகிறார்கள். முத்திரைத்தாள் கிடையாது, சாட்சி கிடையாது. இரண்டும் இருந்தாலும் செல்லாது. கெடு வைத்துக் கல்யாணம் செய்துகொள்ள எனக்குத் தெரிந்து எந்தச் சட்டமும் இடம் கொடுக்கவில்லை. பிறகு அந்தத் தாள் பையனின் அம்மாவிடம் சிக்குகிறது. அவர் அதை நீட்டி மிரட்ட, பெண் நடுங்குகிறாள். அந்தத் தாளில் கடலை மடிக்கலாம், வேறொன்றுக்கும் ஆகாது என்று அவளுக்குச் சொல்ல அந்த நாட்டில் ஒரு வக்கீல் இல்லை.

நான் பத்திரப் பதிவுத் துறையில் இளநிலை உதவியாளராகச் சேர்ந்து, சார்பதிவாளராக ஓய்வு பெற்றவள். நிலத்தையும் வீட்டையும் போலவே திருமணங்களையும் பதிவு செய்திருக்கிறேன். எனவே சீன நாடகங்களைப் பற்றி நான் பேசாமல் இருப்பதுதான் என் ரத்த அழுத்தத்துக்கு நல்லது. அங்கே இளவரசி கூந்தலைத் தூக்கிக் கட்டிக்கொண்டால் போதும், அவளை ஆண்பிள்ளை என்று ஒரு பட்டாளமே நம்பிவிடுகிறது. ஆள்மாறாட்டத்தை இவ்வளவு சுலபமாக ஏற்றுக்கொள்ளும் ராஜ்யத்தில் ஒரு சென்ட் நிலம் யாருக்கும் நிலைக்காது.

அப்படியானால் ஏன் பார்க்கிறேன் என்று என் தங்கையும் கேட்பாள். அவள் வீடு என் வீட்டுக்கு அடுத்தது. எங்கள் அப்பாவின் வீட்டை நடுவில் சுவர் வைத்து இரண்டாக்கிக்கொண்டோம், முற்றம் பொது. அவள் கணவர் பலசரக்குக் கடை வைத்திருக்கிறார். ஒரே மகள், ராஜபாளையத்தில் ஒரு மருத்துவமனையில் ரத்தப் பரிசோதனை செய்கிறாள். அவள்தான் டிவியில் எதையோ செருகி, தமிழில் பேசும் கொரியர்களை எங்கள் வீட்டுக்குள் கொண்டு வந்தாள். ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் நாங்கள் மூவரும் உட்கார்ந்து பார்ப்போம். என் தங்கை கதாநாயகன் கட்சி. அவன் எவ்வளவு கத்தினாலும், "கோவக்காரன்தான், ஆனா மனசு தங்கம்" என்பாள். நான் இரண்டாவது ஆள் கட்சி. எல்லாக் கொரிய நாடகத்திலும் ஒரு இரண்டாவது ஆள் உண்டு. குடை கொண்டு வருவான். அவளுக்கு இறால் ஒத்துக்கொள்ளாது என்பதை நினைவில் வைத்திருப்பான். எதைச் செய்வதற்கு முன்னும் அவளிடம் கேட்பான். கடைசியில் அவனிடம், நீங்க ரொம்ப நல்லவர் என்று சொல்லிவிட்டு, மணிக்கட்டை இழுக்கிறவனோடு போய்விடுவாள். எனக்கு ஆத்திரம் ஆத்திரமாக வரும். மறு ஞாயிறும் போய் உட்காருவேன்.

போன கோடையில் ஒரு ஞாயிறு, புதிதாக ஒரு நாடகம். பணக்காரக் கம்பெனி, லிஃப்ட், முரட்டுக் கதாநாயகன், எல்லாம் வழக்கம்போல. பாலத்தின் மேல் இரவு விளக்குகள். பனி கொட்டுகிறது. அவள் கண்ணீரோடு அவனைப் பார்த்து, தமிழில், தெளிவாகச் சொன்னாள்: "அண்ணா, நான் உங்கள விரும்புறேன்." அவன் குனிந்து முத்தம் கொடுத்தான்.

என் தங்கை கையில் இருந்த முறுக்கைத் தட்டில் போட்டாள். "சீ. என்ன அசிங்கம் இது. ஆஃப் பண்ணுட்டி."

நான் விளக்க முயன்றேன். அவர்கள் மொழியில் ஓப்பா என்று ஒரு சொல் இருக்கிறது. பெண்கள் கூடப்பிறந்த அண்ணனையும் அப்படித்தான் அழைக்கிறார்கள். மனதுக்குப் பிடித்த, தன்னைவிட மூத்தவனையும் அப்படித்தான் அழைக்கிறார்கள். இதைத் தமிழ்ப்படுத்தியவர் அகராதியைப் பார்த்து அண்ணா என்று போட்டிருக்கிறார். பக்கத்தில் ஒரு தமிழ்ப் பெண் இருந்திருந்தால் கேட்டிருக்கலாம். அத்தான் என்று ஒரு சொல் நம்மிடம் சும்மாதான் கிடக்கிறது. மாமா இருக்கிறது. பெயர் சொல்லியே கூப்பிட வைத்திருக்கலாம். ஒரு சொல்லுக்குச் சரியான ஆளைக் கேட்கச் சோம்பல்பட்டு, ஒரு காதல் கதையை ஒட்டுமொத்தமாகக் குடும்பக் குற்றமாக மாற்றிவிட்டார்கள். இப்படிப்பட்ட சேவைகளில் குறைதீர் அலுவலர் ஒருவர் இருக்க வேண்டும், புகாரைப் பெற்றுக்கொண்டதற்கு ஒப்புகை தர வேண்டும், குறித்த கெடுவுக்குள் முடிக்க வேண்டும், முடிக்காவிட்டால் மேல்முறையீடு உண்டு. இதெல்லாம் எனக்குத் தெரியும். அன்று மாலையே புகார் அனுப்பினேன். எங்கள் நிகழ்ச்சிகளை ரசிப்பதற்கு நன்றி என்று பதில் வந்தது. மேல்முறையீடு நிலுவையில் இருக்கிறது.

ஆனால் நான் சொல்ல வந்தது அதுவல்ல. தங்கை ஆஃப் பண்ணச் சொன்னாள் அல்லவா, மகள் ரிமோட்டைக் கையில் வைத்துக்கொண்டு அணைக்காமல் இருந்தாள். பிறகு டிவியைப் பார்த்தபடியே கேட்டாள்: "அண்ணான்னு கூப்பிட்டா கட்டிக்கிடக் கூடாதாம்மா?"

"கூடப்பிறந்தவன் மாதிரில்லா அது. கேக்கா பாரு கேள்வி."

பதிவு அலுவலகத்தில் என் மேசைக்கு எதிரே பலவிதமான முகங்கள் வந்து நின்றிருக்கின்றன. பக்கத்து வீட்டுக் கிழவரை அப்பா என்று காட்டிக் கைநாட்டு வைக்க அழைத்து வந்தவர்கள் உண்டு. கேட்காத கேள்விக்குப் பதில் சொல்கிறவனையும், தேவையில்லாத கேள்வியைத் தேவையில்லாத அமைதியோடு கேட்கிறவளையும் எனக்குத் தெரியும். இவள் முகத்தைப் பார்த்தேன். உடனே என் கண் மாடிப் பக்கம் போயிற்று.

மாடியில் ஒரு அம்மாளும் மகனும் வாடகைக்கு இருக்கிறார்கள். தங்கை மகள் எட்டாம் வகுப்பு படிக்கும்போது வந்தவர்கள். பையன் அப்போது ஐ.டி.ஐ. படித்துக்கொண்டிருந்தான், இப்போது தறிக்கூடங்களுக்கு மோட்டார் ரீவைண்டிங் செய்துகொடுக்கும் கடை வைத்திருக்கிறான். நல்ல மனிதர்கள். வந்த அன்றே அந்த அம்மாள் என் தங்கையை மைனி (எங்கள் பக்கத்தில் அண்ணியை அப்படித்தான் சொல்வோம்) என்று கூப்பிட்டு, குழாயில் தண்ணீர் எப்போது விடுவார்கள் என்று கேட்டார். பையன் அவளிடம், அத்தை நீங்க தள்ளிக்கிடுங்க என்று சொல்லி, எங்கள் வீட்டில் வெகுநாளாகப் பொறி பறந்துகொண்டிருந்த மோட்டார் சுவிட்சை மாற்றிக் கொடுத்தான். மறுநாள் காலையில் என் தங்கை மகளை அழைத்து, மாடியில் இருக்கிற பையனை அண்ணா என்றுதான் கூப்பிட வேண்டும் என்று சொல்லிக்கொடுத்தாள்.

வயதுக்கு வரப்போகிற பெண் இருக்கும் வீட்டில் மீசை அரும்பிய பையன் குடிவந்தால் இங்கே எல்லா அம்மாக்களும் செய்வது இது. முன்பணம் எவ்வளவு, வாடகை எவ்வளவு, ஆணி அடிக்கக்கூடாது, அண்ணா என்று கூப்பிட வேண்டும். வாடகை ஒப்பந்தத்தில் எழுதப்படாத கடைசி ஷரத்து. பெண்ணைக் கேட்பதில்லை. பையனைக் கேட்பதில்லை. ஒரு சொல்லை முள்வேலியாக்கி நட்டுவிட்டு, அம்மா நிம்மதியாகச் சமையலறைக்குப் போய்விடுவாள். அந்த வேலிக்கு இரண்டு பக்கமும் ஆள் இருப்பதோ, அவர்கள் வளர்வதோ அவள் கணக்கில் கிடையாது.

நான் யோசித்துப் பார்த்தேன். இந்தப் பெண் அவனை அண்ணா என்று அழைத்து ரொம்ப நாளாகிவிட்டது. எதையும் சொல்லி அழைப்பதில்லை. இந்தாங்க, சாவி இங்கன இருக்கு. மழை வருது, துணி காயப் போட்டுருக்கீங்க. விளி இல்லாத வாக்கியங்களாகவே பேசிக்கொண்டிருந்திருக்கிறாள். இலக்கணம் தெரிந்த வீட்டில் யாராவது கவனித்திருக்க வேண்டும்.

மறுநாள் என் சமையலறைக்கு வந்தவளிடம் நேராகவே கேட்டேன். மறுக்கவில்லை. ஆமாம் பெரியம்மா என்றாள். மழை நேரத்தில் அவன் அவளைப் பஸ் ஏற்றிவிடப் போகத் தொடங்கி அப்படியே வளர்ந்ததாம். அவன் கையைப் பிடித்து இழுத்தானா என்று கேட்டேன். சிரித்துவிட்டு, பேசவே பயப்படுவான் என்றாள். அப்புறம் சிரிப்பு போய்விட்டது. தென்காசிப் பக்கத்திலிருந்து அவளுக்கு ஒரு வரன் வந்திருந்தது. ஜாதகம் பொருந்திவிட்டது. ஆவணியில் நிச்சயம் செய்துவிடலாம் என்று தரகர் சொல்லிக்கொண்டிருந்தார். அதற்குள் யாராவது வாயைத் திறக்காவிட்டால் அவள் தென்காசிக்குப் போய்விடுவாள்.

"அவிய சொல்லுதேன் சொல்லுதேங்காவ பெரியம்மா. இன்னும் அவிய அம்மாட்ட சொல்லல."

எனக்கு வந்த கோபம் சொல்லி முடியாது. இத்தனை ஞாயிற்றுக்கிழமை டிவிக்குள் இருந்தவனைத் திட்டிக்கொண்டிருந்தேன். அவன் மாடியில் குடியிருந்திருக்கிறான். நான் ஒரு பக்கம் பேசுகிறேன், மறு பக்கம் அவன் பேசியாக வேண்டும், ஒரு வாரத்துக்குள் அவன் தன் அம்மாவிடம் சொல்லாவிட்டால் நானே படியேறி வந்து சொல்லுவேன் என்று அவளிடம் சொல்லி அனுப்பினேன்.

என் தங்கையிடம் நான் சொன்னபோது அவள் கணவர் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். அவள் கரண்டியைக் கீழே வைத்தாள். அவர்கள் சாதி என்ன என்று அவள் கேட்கவில்லை. ஒரே சாதி என்பதால்தான் மாடியே அவர்களுக்கு வாடகைக்குக் கிடைத்தது. அதன் மேல் எனக்குத் தனியாக ஒரு கோபம் உண்டு. பையன் நல்லவனா, சம்பாதிக்கிறானா என்றும் கேட்கவில்லை. இரண்டும் அவளுக்குத் தெரியும். அவளுக்கு இருந்தது ஒரே ஒரு தடை.

"அண்ணான்னுல்லா எக்கா கூப்பிட்டா அவன? ஊருல சிரிக்க மாட்டாவளா?"

நான் சட்டம் சொன்னேன். இந்து திருமணச் சட்டத்தில் யாரை யார் கட்டக்கூடாது என்று ஒரு பட்டியலே இருக்கிறது. முழு ரத்த உறவு, பாதி ரத்த உறவு, தத்து என்று எல்லாம் வரும். மாடி வீட்டுப் பையன் வரமாட்டான். யாரை யார் என்ன சொல்லிக் கூப்பிட்டார்கள் என்று அதில் எந்த வரியும் இல்லை. அவள் கேட்கவில்லை. நம்முடைய அம்மாவை யாருக்குக் கட்டிக்கொடுத்தார்கள் என்று கேட்டேன். சொந்தத் தாய்மாமனுக்கு. தொட்டிலில் தன்னைத் தாலாட்டிய மனிதரைக் கட்டி, எங்கள் இருவரையும் பெற்றார் அம்மா. ஊர் சிரிக்கவில்லை, சாப்பிட்டுவிட்டு மொய் எழுதிவிட்டுப் போயிற்று. எங்கள் வீட்டுக் கதையை யாராவது நாடகமாக எடுத்துக் கொரிய மொழியில் போட்டால், அங்கே ஒரு அம்மாள் முறுக்கைத் தட்டில் போட்டுவிட்டு டிவியை அணைக்கச் சொல்வாள். அக்காள் மகளைக் கட்டுவது மரபு, வாடகைக்கு வந்தவனைக் கட்டுவது அசிங்கம் என்கிற இந்த நியாயத்தை எந்த அலுவலகத்திலும் நான் கேட்டதில்லை.

"அது முறை எக்கா. இது வாயால கூப்பிட்டது. ஒரு தடவ கூப்பிட்டா கூப்பிட்டதுதான்."

"அப்படியா? கல்யாணத்துக்கு முன்ன நீ இவியள என்னன்னு கூப்பிட்ட?"

என் தங்கை தன் கணவரைப் பார்த்தாள். "அது கட. கடையில எல்லாரும் அண்ணாச்சின்னுதான் கூப்பிடுவாவ. அதும் இதும் ஒண்ணா?"

என் தங்கை கணவர் கடையில் எவ்வளவு பேசுவாரோ, வீட்டில் அவ்வளவு மௌனம். ரசத்தைப் பிசைந்துகொண்டே நிமிராமல் சொன்னார்: "சோப்பு ஒண்ணு குடுங்க அண்ணாச்சின்னுதான் மைனி கேட்டா. ரெண்டு நாளைக்கு ஒரு சோப்பு. உங்க வீட்டுல அவ்வளவு அழுக்கா இருந்தாவளோ என்னமோ."

என் தங்கை கோபத்தைப் பிடித்துவைக்கப் பார்த்தாள். முடியவில்லை. முந்தானையால் வாயை மூடிக்கொண்டு உள்ளே போய்விட்டாள். அன்று மாலை தரகருக்குப் போன் செய்து, தென்காசிக்காரர்களைக் கொஞ்சம் பொறுக்கச் சொன்னாள். ஆனால் ஒரு நிபந்தனை போட்டாள். மாடியில் இருந்து படி இறங்கி வந்தால் அது தண்ணீருக்கு மோட்டார் போடச் சொல்ல வந்ததுபோல இருக்கும். பெண் கேட்டு வருகிறவர்கள் வாசல் வழியாக வர வேண்டும்.

பையன் ஒருவழியாகத் தன் அம்மாவிடம் சொல்லியிருந்தான். பாதி சொல்லியிருந்தான் என்பது பிறகு தெரிந்தது. அந்த அம்மாளுக்கு இந்தப் பெண்ணைப் பிடிக்கும். அவருக்கும் அதே ஒரே தடைதான்: அண்ணான்னுல்லா கூப்பிடும்? அதற்கு அவன், அதெல்லாம் சின்ன வயசுல, இப்ப யாரு அப்படிக் கூப்பிடுதா என்று சமாளித்திருக்கிறான். அவர் அதை நம்பி, நல்ல நாள் பார்த்துத் தட்டும் வாங்கினார்.

சொன்ன நாளில் இருவரும் முற்றத்துப் படியில் இறங்கி, எங்களை யாரையும் பார்க்காததுபோல பின்கதவு வழியாகச் சந்துக்குப் போய், தெருவைச் சுற்றி, வாசலுக்கு வந்து, தட்டில் பூவும் பழமுமாக நின்றார்கள். என் தங்கை அவர்களை அப்போதுதான் முதல்முறை பார்ப்பதுபோல, வாங்க வாங்க என்றாள். ஒரு வெட்கமும் இல்லை. கீழே பாய் விரித்து உட்கார்ந்தோம். மழை, தறிக்காரர்கள் மோட்டார் வேலைக்குக் காசு தர இழுத்தடிப்பது, கோமதியம்மன் கோயிலில் ஆடித்தபசுக் கூட்டம் என்று எல்லாம் பேசினார்கள். வந்த விஷயத்தைத் தவிர. எனக்கு எட்டாவது எபிசோடு பார்ப்பதுபோல இருந்தது.

பெண் காப்பி கொண்டு வந்தாள். பட்டுப்புடவை, தலை நிறைய மல்லிகைப்பூ. முதலில் அந்த அம்மாளுக்குக் கொடுத்தாள். பிறகு அவனுக்கு நீட்டினாள். அவனுக்குப் பதற்றம். டபராவோடு எடுக்க வேண்டியதை, கொதிக்கிற டம்ளரை மட்டும் வெறுங்கையால் பிடித்துத் தூக்கினான்.

"அண்ணா, சூடு."

பதின்மூன்று வயதிலும் பதினைந்து வயதிலும் பழகிய நாக்கு. வேண்டுமென்றே சொன்னாளா? ஒருவனுக்குக் கை சுடப்போகிறது என்கிற நேரத்தில் மனுஷி வார்த்தையைத் தேர்ந்தெடுத்துக்கொண்டிருக்க முடியுமா?

அந்த அம்மாள் ஒரு வாய்கூடக் குடிக்காமல் காப்பியைக் கீழே வைத்தார். மகனைப் பார்த்தார். "இப்ப யாரும் கூப்பிடுததில்லன்னு சொன்னியே." பிறகு எங்கள் பக்கம் திரும்பினார். குரல் உயரவில்லை. "நல்ல பிள்ளதான். நான் ஒண்ணும் சொல்லல. ஆனா நாளைக்குத் தாலி கட்டுன பெறவும் நாலு பேரு முன்னால வாயி இப்படித்தான வரும்? எங்க மூஞ்சிய எங்கன கொண்டு வைக்க?" பேசிக்கொண்டே எழுந்து, பழத்தட்டைக் கையில் எடுத்துக்கொண்டார்.

பெண் காலித் தட்டைப் பிடித்தபடி அப்படியே நின்றாள். முகத்தில் ரத்தமே இல்லை. எத்தனையோ பேருக்கு ஊசி குத்தியவள். என் தங்கை, எல்லாம் என்னால்தான் என்பதுபோல என்னைப் பார்த்தாள். அவள் கணவர் வாசலைப் பார்த்தார். அவன், கதாநாயகன், பாயின் ஓரத்தில் பிரிந்து கிடந்த ஒரு கோரையை உற்றுப் பார்த்துக்கொண்டிருந்தான்.

அந்தக் கோரையைப் பார்த்ததும் எனக்கு இத்தனை நாள் சேர்ந்த கோபம் எல்லாம் ஒன்றாக வந்தது. ஜன்னல் ஓரம் நின்றவன், மழையில் நனைந்தவன், விமான டிக்கெட் எடுத்தவன், எல்லாருக்கும் சேர்த்து வந்தது. நான் அரசு அலுவலகத்தில்கூட அப்படிப் பேசியதில்லை.

"ஏலே, வாயத் தொறந்து ஏதாவது சொல்லுதியா, இல்ல பதினாறு எபிசோடும் பாயத்தான் பாக்கப் போறியா?"

அவன் நிமிர்ந்தான். தன் அம்மாவைப் பார்த்துக் கேட்டான்.

"எம்மா, நீ இவியள என்னன்னு கூப்பிடுத?"

"யார?"

"இவியளத்தான்." என் தங்கையைக் காட்டினான்.

"மைனின்னு கூப்பிடுதேன். வேற என்னன்னு கூப்பிட?"

"நான் என்னன்னு கூப்பிடுதேன்?"

அவர் தட்டை மறு கைக்கு மாற்றிக்கொண்டார்.

"அத்தைன்னு கூப்பிடுதேன். மைனி மக உனக்கு என்ன வேணும்? அத்த மக எனக்கு என்ன வேணும்? குடிவந்த அன்னைக்கே நாம அப்படித்தான் கூப்பிட்டோம். இவ மறுநாள்லேருந்துதான் அண்ணான்னு சொன்னா. நான் ஒரு நாளும் இவளத் தங்கச்சின்னு கூப்பிட்டதில்ல."

ஒரே சொத்துக்கு ஒன்றுக்கொன்று முரணாக இரண்டு பத்திரங்கள் இருந்தால் தேதி முந்தியது எது என்று பார்க்க வேண்டும். இது சார்பதிவாளர் அலுவலகத்தில் டீ வாங்கி வருகிறவருக்கும் தெரியும். முதல் நாளே என் தங்கையை அண்ணன் பெண்டாட்டியாக்கி மைனி என்றவர் அந்த அம்மாள். அன்றே அத்தை என்றவன் அவர் மகன். என் தங்கை தன் வேலியை நட்டதே மறுநாள்தான், அதுவும் ஒரு பக்கம் மட்டும். இத்தனை வருஷமாக அந்த முற்றத்தில் அந்தக் குடும்பம் எங்கள் பெண்ணை முறைப்பெண் ஆக்கிச் சத்தமாகக் கூப்பிட்டுக்கொண்டிருந்திருக்கிறது. ஒருவர் காதிலும் விழவில்லை. என் காதிலும் விழவில்லை. என் கோபம் அப்போதும் தணியவில்லை, இடம்தான் மாறியது. இவ்வளவு நல்ல வாதத்தைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு, தென்காசிக்காரன் ஜாதகம் பொருந்துகிற வரைக்கும் இவன் என்ன செய்துகொண்டிருந்தான்? இப்படி ஒருவனை நம்பி எந்தப் பெண் பாலத்தின் மேல் பனியில் நிற்பாள்?

அந்த அம்மாள் தட்டோடு நின்றார். என் தங்கையைப் பார்த்தார், பெண்ணைப் பார்த்தார், மறுபடி என் தங்கையைப் பார்த்தார். முன்னால் கிடந்த டம்ளரில் காப்பி ஆடை கட்டத் தொடங்கியிருந்தது.

அவர் மெதுவாக உட்கார்ந்தார். தட்டைக் கீழே வைத்து, அது சாயாமல் இரண்டு கையாலும் எங்கள் பக்கம் நகர்த்தினார்.

"மைனி, இந்தக் காப்பி ஆறிட்டு. வேற போட்டுக் கொண்டாங்க."

என் தங்கை எழுந்து சமையலறைக்கு ஓடினாள். அந்த வயதில், அந்த முழங்காலோடு, ஓடினாள். பின்னாலேயே அந்த அம்மாளின் குரல் போயிற்று, தெருவரைக்கும் கேட்கிற மாதிரி.

"சீனி கம்மியா, மைனி."